நீருக்குள் கரிப் பஞ்சம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம்மில் பலரும் செய்த சோதனை ஒன்று உண்டு. பீக்கரில் தண்ணீர், அதற்குள் ஒரு கொத்து ஹைட்ரில்லா, அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பில் நீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் ஏறிக் குழாயின் நுனியில் வாயு சேரும். தணல் உள்ள குச்சியை நீட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் வந்துவிட்டது, ஒளிச்சேர்க்கை நிரூபணமாகிவிட்டது, ரெக்கார்டு நோட்டில் படமும் வரைந்தாயிற்று. அந்தச் சோதனையைத் தொடங்கும்போது ஆசிரியர் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தண்ணீரில் போடுவார். எதற்கு சார் என்று கேட்டால், "சீக்கிரம் நடக்கட்டும் என்றுதான்" என்பார். கேள்வி அதோடு முடிந்துவிடும். இந்த அத்தியாயம் அந்தச் சிட்டிகையிலிருந்து தொடங்குகிறது.

நிலத்தில் நிற்கும் வேம்பானாலும் தொட்டிக்குள் அசையும் செடியானாலும் உடம்பைக் கட்டுவது கரிமத்தைக் கொண்டுதான். செடியை நன்றாக உலர்த்தி எடை போட்டால் அதில் ஏறக்குறைய 40 சதவீதம் கரிமம். அதில் மண்ணோ உரமோ கொடுப்பது சொற்பம். பெரும்பகுதி வருவது கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து. காற்றில் இந்த வாயு பத்து லட்சம் பங்குக்கு 420 பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் முக்கால் மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கரைந்திருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் நீர்ச்செடிக்கு மட்டும் என்ன பஞ்சம்?

சரக்கு இருக்கிறது, வந்து சேர்வதுதான் இல்லை. வாயு மூலக்கூறு நீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் தூரத்தைப் பரவலால் மட்டுமே கடக்க வேண்டுமென்றால் காற்றில் மூன்று விநாடி பிடிக்கும். நீரில் ஏழு மணி நேரம். மாவிலை தன் அருகில் உள்ள வாயுவை எடுத்துக்கொண்டால் அந்த இடத்துக்கு அடுத்தது உடனே வந்துவிடும். நீருக்குள் இருக்கும் இலையைச் சுற்றி அசையாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான் அதன் தடிமன். ஆனால் வெளியே நீர் எவ்வளவு ஓடினாலும் அந்தப் படலத்தை வாயு ஊர்ந்துதான் கடக்க வேண்டும். நீருக்குள் வாழும் செடிகளின் இலைகள் இவ்வளவு மெலிந்திருப்பதற்கு இது ஒரு காரணம். ஹைட்ரில்லா இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுநரம்பைத் தவிர மற்ற இடங்களில் இரண்டே அடுக்கு செல்கள்தான் இருக்கும். இலைத்துளை கிடையாது. ஒவ்வொரு செல்லும் நீரைத் தொட்டுக்கொண்டு, வருவதை வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நூறு லிட்டர் தொட்டி. காற்றோடு சமநிலையில் அதில் கரைந்திருக்கும் வாயு 60 மில்லிகிராம். அதில் கரிமம் மட்டும் 16 மில்லிகிராம். இதை முழுக்க உறிஞ்சிவிட்டாலும் செடியால் 40 மில்லிகிராம் உலர் இலைதான் கட்ட முடியும், ஒரு சிட்டிகைக்கும் குறைவு. மேற்பரப்பு வழியாகப் புதிய வாயு வந்துகொண்டுதான் இருக்கும், மீன்களும் கசடில் வாழும் பாக்டீரியாக்களும் மூச்சு விட்டுக் கொஞ்சம் சேர்க்கும். ஆனாலும் தொட்டிக்கு மேல் பளீரென்று எல்.இ.டி. விளக்கைப் போட்டவுடன் தேவை வரவைத் தாண்டிவிடுகிறது. விளக்கு எரிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே செடிகள் நிறைந்த தொட்டியில் வாயு தீர்ந்துபோகும். மீதி நேரமெல்லாம் வெளிச்சம் வீண். அல்லது பாசிக்கு விருந்து.

இயற்கையில் எல்லா நீரும் இப்படி வறண்டதல்ல. ஊற்று நீர், நிலத்தடி நீர் கசிந்து ஓடும் ஓடைகள், இலைக்குப்பை மக்கும் காட்டு நீர்நிலைகள் எல்லாவற்றிலும் காற்றோடு சமநிலையில் இருப்பதைவிடப் பல மடங்கு வாயு கரைந்திருக்கும். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட மூச்சு அது. நாம் தொட்டியில் வைக்க ஆசைப்படும் செடிகளில் பாதி இந்த மாதிரி ஓடைக்கரையில் வளர்ந்தவை. கோடையில் நீர் வற்றினால் காற்றில் இலை விட்டு வாழ்பவை. அவற்றைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்க மூழ்க வைத்துவிட்டு, வளரவில்லையே என்று உரத்தைக் கொட்டுகிறோம்.

வறண்ட நீரிலும் பிழைக்கத் தெரிந்த செடிகள் உண்டு. கடின நீரில் கரிமம் வாயுவாக இல்லாவிட்டாலும் பைகார்பனேட் அயனியாக ஏராளமாக இருக்கிறது. ஆசிரியர் போட்ட சமையல் சோடாவும் அதுதான், சோடியம் பைகார்பனேட். ஹைட்ரில்லா தன் இலையின் அடிப்புறத்தில் அமிலத்தைக் கசியவிட்டு, அங்கே பைகார்பனேட்டை வாயுவாக மாற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்புறம் அதே நேரத்தில் காரமாகிறது. அங்கே சுண்ணாம்பு படிகிறது. கடின நீர்க் குளத்திலிருந்து எடுத்த கொடியின் இலையை விரலால் தடவிப் பாருங்கள், நறநறவென்று தட்டுப்படும். இது போதாதென்று, வெயிலில் காய்ந்து வாயு தீர்ந்துபோன நீரில் சில நாள் இருந்தால் ஹைட்ரில்லா தன் ஒளிச்சேர்க்கை முறையையே கரும்பும் சோளமும் கையாளும் சி4 வழிக்கு மாற்றிக்கொள்கிறது. கரும்புக்கு இருக்கும் இரண்டு வகைச் செல் அமைப்பு அதற்குக் கிடையாது. ஒரே செல்லுக்குள் முழு வேலையையும் முடிக்கிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸ் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் ஊரில் ஆராய்ச்சிக்குச் செடிக்குப் பஞ்சமில்லை. 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுபோன ஹைட்ரில்லா அங்கே ஏரிகளிலும் கால்வாய்களிலும் தப்பிப் பரவி, அரசாங்கத்துக்குத் தீராத தலைவலியாகிவிட்டது.

எல்லாச் செடிக்கும் இந்த வித்தை தெரியாது. கபோம்பாவுக்குத் தெரியாது. பெரும்பாலான மாஸ் செடிகளுக்குத் தெரியாது. தரையில் புல்வெளி போலப் படரும் செடிகளையும் செக்கச்செவேலென்று நிற்கும் ரோட்டாலாக்களையும் வாயு கொடுக்காமல் அந்த நிறத்திலும் அடர்த்தியிலும் பார்ப்பது கடினம்.

குமிழியைப் பார்த்தவர்கள்

செடிக்கு வாயு வேண்டும் என்பதை மனிதன் கண்டுபிடித்ததே ஒரு வகை மீன் தொட்டிச் சோதனையில்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுபான ஆலை ஒன்றின் அருகில் குடியிருந்த ஜோசஃப் பிரீஸ்ட்லி, 1767-இல் நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே தேங்கி நின்ற ‘நிலைத்த காற்றை’, அதாவது கார்பன் டை ஆக்சைடை, தண்ணீரில் கரைத்துப் பார்த்தார், சோடா பிறந்தது. 1771-இல் அவரே மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் புதினாத் தளிரை வைத்து, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைச் செடி மீட்டுக்கொடுப்பதைக் கண்டார். 1779-இல் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் இலைகளைத் தண்ணீருக்குள் அமுக்கி வெயிலில் வைத்தார். பச்சைப் பகுதிகளிலிருந்து மட்டும், அதுவும் வெளிச்சத்தில் மட்டும், குமிழி வந்தது. ஜெனீவாவில் பாதிரியாராகவும் நூலகராகவும் இருந்த செனபியர் அடுத்த அடியை வைத்தார். நிலைத்த காற்று இல்லாத நீரில் இலை குமிழி விடவில்லை. அது கரைந்த நீரில் தாராளமாக விட்டது. 1782-இல் இதை வெளியிட்டார். இன்று வரவேற்பறையில் சிலிண்டர் வைத்துச் செய்வது செனபியரின் சோதனையைத்தான். என்ன, அவர் காலத்தில் விளக்குக்கு டைமர் கிடையாது.

நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மீன் தொட்டிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1850 வாக்கில் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், வாலிஸ்னீரியா, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, மீன் விடும் மூச்சைச் செடியும் செடி விடும் மூச்சை மீனும் எடுத்துக்கொள்வதாகக் காட்டினார். ‘சமநிலைத் தொட்டி’ என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது. அழகான எண்ணம். ஆனால் இரண்டு தங்கமீன் விடும் மூச்சு ஒரு தோட்டத்துக்குப் போதாது. அழுத்த வாயுவைத் தொட்டிக்குள் முறையாகச் செலுத்துவதை ஜெர்மானியர்கள் பரப்பினார்கள். அதை ஒரு கலையாக்கி உலகுக்குக் காட்டியவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. முன்னாள் சைக்கிள் பந்தய வீரர், புகைப்படக் கலைஞர். 1982-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் வந்த அவருடைய படநூல் மீன் தொட்டி என்றால் மீனுக்கான பெட்டி என்ற நினைப்பையே மாற்றியது. லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு அவர் அமைத்த நீரடிக் காடு 2015-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

சிலிண்டரிலிருந்து இலை வரை

வாயு உண்டாக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்ட பாட்டில் மிக மலிவு. பிரீஸ்ட்லியின் ஆலைத் தொட்டியைச் சின்னதாக்கியது போலத்தான். நூறு கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் சுமார் 50 கிராம் வாயு வரும். ஆனால் முதல் நாட்களில் பொங்கும், பிறகு இளைக்கும், வெயில் ஏறினால் மறுபடி பொங்கும். இரவில் நிறுத்தவும் முடியாது. அடுத்தது சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலக்கும் கிட். 192 கிராம் அமிலத்துக்கு 252 கிராம் சோடா என்ற விகிதத்தில் கலந்தால் 132 கிராம் வாயு கிடைக்கும். வால்வு வைத்து ஓரளவு கட்டுப்படுத்தலாம், சிறிய தொட்டிக்குச் சமாளிக்கும். மூன்றாவது, அழுத்தச் சிலிண்டர். முதல் செலவு அதிகம். ஆனால் திருகிய இடத்தில் நிற்கும். இந்த விஷயத்தில் அந்த ஒரு குணத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

கடைகளில் ‘திரவக் கார்பன்’ என்று விற்கும் பாட்டிலை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் பொருள். பாசியைக் கொல்லும், உண்மைதான். வாலிஸ்னீரியாவையும் சேர்த்துக் கருக்கிவிடும், கையுறை இல்லாமல் தொடவும் கூடாது.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். 20 டிகிரியில் அதன் மேலுள்ள வாயுவின் அழுத்தம் 57 பார். 25 டிகிரியில் 64 பார். திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை முள் அந்த இடத்திலேயே நிற்கும். சமையல் எரிவாயு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தான் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்கிறோம். இதுவும் அப்படியே, முள்ளைப் பார்த்துப் பயனில்லை, தராசில் வைக்க வேண்டும். முள் இறங்கத் தொடங்கியது என்றால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று பொருள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை 31.1 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் என்ற நிலையே அதற்கு இல்லை. சென்னையில் மே மாதப் பிற்பகலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் உங்கள் சிலிண்டருக்குள் இருப்பது திரவமும் அல்லாத வாயுவும் அல்லாத ஒன்று. அப்போது அழுத்தம் எவ்வளவு நிறைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விறுவிறுவென ஏறும். அதனால்தான் கொள்ளளவில் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்கிறார்கள். நிரப்பித் தருபவரிடம் "கொஞ்சம் கூடவே போடுங்க அண்ணே" என்று கேட்கும் பொருள் இதுவல்ல. வெல்டிங் வாயுக் கடை, சோடா கம்பெனிக்குச் சப்ளை செய்யும் இடம், தீயணைப்புக் கருவி நிரப்பும் கடை, எங்கே கொடுத்தாலும் தோள்பட்டைப் பகுதியில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, விழாதபடி கட்டி நிற்க வேண்டும். படுத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும். பூட்டிய சின்ன அறையில் வைக்க வேண்டாம். இரண்டு கிலோ வாயு வெளியே வந்தால் 1,100 லிட்டர் இடத்தை அடைக்கும். பத்தடிக்குப் பத்தடி மூடிய அறையில் அது ஏறக்குறைய 4 சதவீதம். உடனடி ஆபத்து என்று தொழிலகப் பாதுகாப்பில் குறிக்கும் அளவு அதுவே. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோரம்தான் முதலில் தேங்கும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ரெகுலேட்டர் அறுபது பாரை இரண்டு மூன்று பாராகக் குறைக்கிறது. நீடில் வால்வு அதைக் குமிழி குமிழியாகச் சொட்டவிடுகிறது. சொலினாய்டு வால்வு மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் மூடும். கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்வது இதன் பெரிய லாபம். பிறகு திரும்பா வால்வு. இரவில் குழாய்க்குள் மிஞ்சிய வாயு கரையக் கரைய, தொட்டி நீர் பின்னோக்கி ஏறும். இது இல்லாவிட்டால் அந்த நீர் ரெகுலேட்டர் வரை போய்ப் பாழாக்கும். ஏர் பம்புக்குப் போடும் சிலிகான் குழாயை இங்கே போடக்கூடாது, அதன் சுவர் வழியாகவே வாயு கசிந்துவிடும். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் சிலிண்டர் தீரும் தறுவாயில் வெளியழுத்தம் திடீரென்று ஏறி, மிச்சமெல்லாம் ஒரேயடியாகத் தொட்டிக்குள் கொட்டுவது உண்டு. காலையில் எழுந்து பார்த்தால் மீன்கள் மிதக்கும். இரட்டைக் கட்ட ரெகுலேட்டரில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

கடைசி உறுப்பு டிஃபியூசர், நுண்துளை கொண்ட பீங்கான் வட்டு. தொட்டியின் அடியில் வைத்து, ஒரு குமிழியைக் கண்ணால் பின்தொடருங்கள். புறப்படும்போது மணல் துகள் அளவு. ஏற ஏறச் சுருங்குகிறது. பாதி உயரத்தில் ஊசிமுனை அளவு ஆகிறது. ஆனால் முழுக்க மறைவதில்லை. வெளியே போன கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதே நேரத்தில் உள்ளே நுழைந்துவிடுகின்றன. மேலே போய் உடையும் அந்தக் கடைசிப் பொட்டில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாயு மிகக் கொஞ்சமே இருக்கும். ஃபில்டரின் நீரோட்டம் அந்தக் குமிழிகளைப் பிடித்துத் தொட்டியின் மறுமூலை வரை கொண்டுபோகும்படி டிஃபியூசரை வைக்க வேண்டும். நீரோட்டம் இலையை ஒட்டிய அந்த அசையாப் படலத்தையும் மெலியவைக்கிறது. வாயுவைக் கூட்டுவதைப் போலவே இதுவும் பலன் தரும், செலவும் இல்லை.

எவ்வளவு?

விநாடிக்கு எத்தனை குமிழி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம். கேட்டுப் பயனில்லை. குமிழி எண்ணும் குப்பிக்குக் குப்பி குமிழியின் அளவு வேறு. குமிழி ஒன்று 0.05 மில்லி லிட்டர் என்றால் விநாடிக்கு ஒன்று வீதம் எட்டு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு, எடையில் இரண்டரை கிராம். குமிழி இரட்டிப்புப் பெரிதானால் எடையும் இரட்டிப்பு. அதில் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு மேற்பரப்பில் பறந்தது என்பது தனிக் கதை. நீருக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் குறி வைப்பது லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம். காற்றோடு சமநிலையில் இருப்பதைப் போல ஐம்பது மடங்கு வரை. வாயு நீரில் கரைந்தால் கொஞ்சம் கார்பானிக் அமிலம் உண்டாகி பிஎச் இறங்கும். நீரின் பைகார்பனேட் அளவு, அதாவது கேஎச், அந்த இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். இந்த மூன்றுக்கும் உள்ள உறவு ஒரே சூத்திரத்தில் அடங்கும்: கேஎச்சை மூன்றால் பெருக்கி, அதைப் பத்தின் அடுக்கு (7 – பிஎச்) என்பதால் பெருக்கினால் வாயுவின் அளவு வரும். கேஎச் 4, பிஎச் 6.6 என்றால் 30 மில்லிகிராம். சென்னையின் போர்த்தண்ணீர் போலக் கேஎச் 12 இருந்தால் அதே 30-க்குப் பிஎச் 7.1. ஆர்.ஓ. நீரில் கேஎச் 1 மட்டும் இருந்தால் 6.0. ஆகவே "பிஎச் இவ்வளவு வை" என்ற பொது ஆலோசனையை நம்ப வேண்டாம்.

சூத்திரத்தைத் தொட்டி நீரிலேயே போட்டுப் பார்த்தாலும் ஏமாறலாம். மரக்கட்டையிலிருந்து இறங்கும் அமிலமும் பாஸ்பேட்டும் பிஎச்சைத் தம் பங்குக்கு இழுக்கும்; சூத்திரம் அதை வாயு என்று எண்ணிக்கொள்ளும். இதற்குத்தான் டிராப் செக்கர் என்ற கண்ணாடிக் குமிழ். அதற்குள் தொட்டி நீரை விடக்கூடாது; கேஎச் 4 என்று உறுதியாகத் தெரிந்த கரைசலை விட வேண்டும். வடிநீரில் லிட்டருக்கு 0.12 கிராம் சமையல் சோடா கலந்தால் அதுதான். அவ்வளவு நுண்ணிய தராசு வீட்டில் இராது, 1.2 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து வடிநீரால் ஒரு லிட்டராக்குங்கள். பிறகு சில சொட்டு புரோமோதைமால் புளூ. தொட்டி நீருக்கும் இந்தக் கரைசலுக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் வாயு மட்டும்தான் கடந்து வரும், அமிலமும் பாஸ்பேட்டும் வராது. நீலம் என்றால் பற்றாக்குறை, இளம்பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரமாகும். இப்போது காட்டுவது சற்று முன்பு இருந்த நிலை. அவசரத்தில் திருகைத் திருப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மீனின் பக்கம் வருவோம். வாயு கூடினால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒன்று மற்றதை வெளியேற்றுவதில்லை. ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே மீன் மூச்சுத் திணறும், அதுதான் விசித்திரம். மீன் தன் ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் செவுள் வழியாக நீருக்கு விடுகிறது. நீரில் ஏற்கெனவே அது மிகுந்திருந்தால் வெளியேற்றம் தடைபட்டு ரத்தம் அமிலமாகும். அமில ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடிக்காது. 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் இதைக் கண்டறிந்தார். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தந்தை. பல மீன்களில் இதைவிட மோசம். அமிலமேறினால் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஹீமோகுளோபின் நிறையாது. ரேமண்ட் ரூட் 1931-இல் விவரித்த விளைவு அது.

அறிகுறி கண்ணுக்குத் தெரியும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும், செவுள் வேகமாக அடிக்கும், இறால்கள் மேய்வதை விட்டுவிட்டுத் தொட்டியெங்கும் அலையும். ஃபைட்டரும் குராமியும் இயல்பாகவே மேலே வந்து காற்றுக் குடிப்பவை. அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெட்ராவோ ராஸ்போராவோ மேலே வந்தால் முதலில் வாயுவை மூடி, ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். வாயு விரைவாகப் பறந்துவிடும். தொடங்கும்போது இரண்டு விநாடிக்கு ஒரு குமிழி என்று வைத்து, சில நாட்கள் விட்டு விட்டுக் கூட்டுங்கள். கூட்டுகிற நாளில் வீட்டில் இருங்கள். திருகைத் திருப்பிவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பாதீர்கள்.

விளக்கு எரிவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிட வேண்டும். வெளிச்சம் வரும்போது நீர் தயாராக இருக்கும். விளக்கு அணைவதற்கு ஒரு மணி முன்பு மூடிவிடலாம். இருட்டில் செடியும் மூச்சு விடுகிறது, வாயு தேவையில்லை. எல்லாம் சரியாக அமைந்தால், விளக்கு எரிந்து சில மணி நேரம் கழித்து இலை ஓரங்களில் முத்து முத்தாக ஆக்சிஜன் கோத்து நிற்கும். நீர் ஆக்சிஜனால் நிறைந்து, இனிக் கரைய இடமில்லாமல் அது குமிழியாகிறது. தண்ணீர் மாற்றியவுடன் இலையெங்கும் ஒட்டும் குமிழியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குழாய்த் தண்ணீரின் காற்று.

தினமும் ஒரே அளவு வருவது, அளவு எவ்வளவு என்பதைவிட முக்கியம். செடி தன் இலைக்குள் ருபிஸ்கோ என்ற நொதியை எவ்வளவு கட்ட வேண்டும், பச்சையத்தை எவ்வளவு கட்ட வேண்டும் என்று கிடைக்கும் வாயுவைப் பொறுத்துத் திட்டமிடுகிறது. இன்று 30, நாளை 8 என்றால் அந்தத் திட்டம் குலைந்துபோகும். கல்லிலும் இலை நுனியிலும் ஒட்டிக்கொண்டு பிய்க்க முடியாமல் நிற்கும் கறுப்புத் தாடிப் பாசியை, வாயு ஏறி இறங்கும் தொட்டிகளில்தான் அதிகம் பார்த்ததாக அனுபவசாலிகள் சொல்வார்கள்.

வேகத்தை முடிவு செய்வது விளக்கு. வெளிச்சம் கூடினால் வாயுத் தேவை கூடும். வாயு கிடைத்தால் நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் கேட்கும். கடையில் முதலில் விற்பது விளக்கு, அதுவும் இருப்பதிலேயே பெரியது. இது தலைகீழ் வரிசை. மிதமான வெளிச்சத்திலும் வாயு கூடினால் வளர்ச்சி கூடுகிறது என்பதை டென்மார்க்கில் ஓலே பெடர்சனும் சகாக்களும் ரிச்சியா என்ற மிதவைச் செடியில் காட்டினார்கள். வாயு தாராளமாக இருந்தால் அதைப் பிடிக்கும் கருவிக்குச் செலவிடும் நைட்ரஜனைச் செடி ஒளியைப் பிடிக்கும் பச்சையத்துக்குத் திருப்பிவிட முடிகிறது. ஆகவே விளக்கைப் பாதியாக வைத்துக்கொண்டு வாயுவைச் சீராக்குவது பாசிக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது.

சென்னை கொளத்தூரின் மீன் தொட்டிக் கடைகளில் அட்டைப் பெட்டியோடு அடுக்கி வைத்திருக்கும் கிட்டைப் பார்த்து மயங்கும் முன் என்ன வளர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வாலிஸ்னீரியா, இலங்கை ஓடைகளின் கிரிப்டோகொரைன் வெண்ட்டியி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இவை போதும் என்றால் சிலிண்டர் வேண்டாம். வாலிஸ்னீரியா நம் ஊர்க் கடின நீரிலிருந்து பைகார்பனேட்டை எடுத்துக்கொள்ளும். மற்ற மூன்றும் மெதுவாக வளர்ந்து கிடைப்பதில் காலம் தள்ளும். மான்டி கார்லோவும் ஹெச்.சி. கியூபாவும் விரித்த பச்சைத் தரையும் செந்நிற ரோட்டாலாவும் வேண்டும் என்றால் சிலிண்டர் வாங்குங்கள். அப்போது விளக்கில் மிச்சம் பிடியுங்கள், டிஃபியூசரில் மிச்சம் பிடியுங்கள். ரெகுலேட்டரிலும் சிலிண்டரிலும் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.